ஆறு நிமிடம் கூடுதல்

2043 அக்டோபர் 13, செவ்வாய்க்கிழமை காலை 7.31 மணிக்குக் கோயம்புத்தூர் கணபதியில், தன் வீட்டுச் சமையலறையில் கோகிலா கீழே விழுந்தார். வயது ஐம்பத்தொன்று. மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைபட்டிருந்தது.

அவர் கணவர் தண்டபாணி அப்போது வாசல்படியில் உட்கார்ந்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. 7.34க்கு ஆம்புலன்ஸை அழைத்தார். 7.52க்கு வண்டி வந்தது. 8.15க்கு அவசரப் பிரிவு. டாக்டர் கேட்டபோது இந்த நேரங்களை எல்லாம் அவர் ஒரு நிமிடம் பிசகாமல் சொன்னார். அவருடைய தொழில் அது.

பம்பு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடமாக நேரம் அளக்கும் வேலை. ஒரு ஆள் ஒரு நட்டை முடுக்க எத்தனை நொடி எடுக்கிறான், அதில் எதைக் குறைக்கலாம் என்று பக்கத்தில் நின்று பார்த்து எழுத வேண்டும். ஆட்கள் அவரை 'செகண்டு' என்றுதான் சொல்வார்கள், முகத்துக்கு நேராகவே. ஒருமுறை கேன்டீனில் ஒரு ஃபிட்டர் எழுந்து நின்று, "ஏனுங்க சார், ஒண்ணுக்குப் போயிட்டு வரதுக்கு எத்தன செகண்டுங்க?" என்று கேட்டான். தண்டபாணி சாப்பிடுவதை நிறுத்தாமல், "போக வர நடையோட சேத்து நூத்திப்பத்து" என்றார். அந்த மேஜையில் இருந்தவர்கள் சிரித்து முடிக்க அதைவிட அதிக நேரம் ஆயிற்று.

சனிக்கிழமை டாக்டர் அவரையும் மகள் இலக்கியாவையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். இலக்கியா புனேயிலிருந்து வந்திருந்தாள்.

"மூச்சுக்கு வாய் வழியா வெச்ச குழாய ரொம்ப நாள் விட முடியாதுங்க. கழுத்துல துளை போட்டு மாத்தணும். மாத்திட்டா இப்படியே பல மாசம் போகலாம், வருஷங்கூடப் போகலாம். எந்திரிச்சு உக்காந்து பேசுவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். வேண்டாம்னா அதுக்கும் வழி இருக்கு, வலியில்லாம பாத்துக்குவோம். வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க. இந்த மாதிரி ஒண்ணு வந்தா என்ன செய்யணும்னு அவங்க எப்பவாவது பேசியிருக்காங்களா?"

"அப்பாவுக்குத் தெரியும் டாக்டர்" என்றாள் இலக்கியா. "அப்பாகிட்ட சொல்லியிருக்கு."

வெளியே வந்ததும் தண்டபாணி கேட்டார். "என்ன சொன்னதாச் சொல்ற?"

"மார்ச்சுல ஒரு நாள் காலைல எனக்குப் போன் பண்ணுச்சுப்பா. குரலே சரியில்ல. என்னம்மான்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல சாமி, மனசுல கிடந்தத எல்லாம் உங்கப்பாகிட்ட இப்பத்தான் சொல்லி முடிச்சேன். அவரு பாத்துக்குவாரு'ன்னுச்சு. பெரியத்தை மெஷின்லயே கிடந்து போய்ச் சேந்துச்சே, அதுக்கு அடுத்த வாரம். அதப் பத்தித்தானே பேசியிருக்கும்?"

"ம்."

"என்ன சொல்லுச்சுப்பா? மெஷின் வேணும்னா, வேண்டாம்னா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் தண்டபாணி.

யோசிப்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை. மார்ச் மாதத்தில் எந்தக் காலையும் அவரிடம் இல்லை. ஏப்ரல், மே, அதற்குப் பிறகும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் 'மிச்சம்' வாங்கியிருந்தார். இடது காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் தோல்நிறப் பட்டை. தினமும் ஒரே மாதிரி நடக்கும் வேலைகளை உடம்பு தானே செய்துகொள்ளும்; செய்கிற நேரம் முழுக்க மனம் ஆழ்ந்த ஓய்வில் இருக்கும். காலை 6.10க்குக் குளியலறைக் கதவைத் தள்ளினால் அடுத்த கணம் கையில் பையோடு வாசலில் நிற்கலாம். சவரம் ஆகியிருக்கும், வயிறு நிறைந்திருக்கும், கூடவே இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்த தெளிவும் இருக்கும். அதனால் இரவில் அந்த அளவுக்குத் தூக்கத்தைக் குறைக்கலாம். தண்டபாணி குறைத்தார். கிடைத்த நேரத்தில் ஜெர்மன் மொழி படித்தார், இரண்டு சான்றிதழ் வாங்கினார், துணை மேலாளர் ஆனார்.

பட்டைக்கு முதலில் நாற்பத்தெட்டு நாள் பதிவுக் காலம். விளம்பரத்தில் அதை ஒரு மண்டலம் என்றார்கள். அந்த நாட்களில் ஆள் விழித்திருந்து வழக்கம்போல் எல்லாம் செய்ய வேண்டும், பட்டை பார்த்துக் கற்றுக்கொள்ளும். எந்தெந்த வேலையை ஒப்படைப்பது என்று பட்டியல் கொடுக்க வேண்டும். குளியல், சவரம், உடற்பயிற்சி என்றுதான் எல்லாரும் எழுதினார்கள். தண்டபாணி தன் காலை நேரத்தை இரண்டு வாரம் நிறுத்துக் கடிகாரத்தோடு அளந்தார். காலை உணவுக்குச் சராசரி பதினாலு நிமிடம். மாறுபாடு நான்கு சதவீதம். கோகிலா பேசுவதும் அப்படித்தான் இருந்தது: கேஸ் புக் பண்ணியாச்சா, மோட்டார் சத்தம் போடுது, இலக்கியா போன் பண்ணினாளா. ஐந்து சதவீதத்துக்குள் மாறுபாடு இருக்கும் வேலையைக் கண்காணிக்கத் தேவையில்லை என்பது அவருடைய துறையில் அரிச்சுவடி. காலை உணவையும் பட்டியலில் சேர்த்தார்.

கோகிலாவிடம் குளியலுக்கும் சவரத்துக்கும் என்று மட்டும் சொல்லியிருந்தார். ஓடும்போது பட்டையில் கடுகளவு பச்சை விளக்கு எரியும். சட்டப்படி எரிய வேண்டும். சாப்பாட்டு மேஜையில் கோகிலா எப்போதும் அவருக்கு வலப்பக்கம் உட்காருவார்.

திங்கட்கிழமை அவர் அவிநாசி சாலையில் இருந்த மிச்சம் சேவை மையத்துக்குப் போனார். பிரச்சினைகளைப் பார்ப்பவள் நஸ்ரின் என்ற பெண். முப்பது வயது இருக்கும். அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் எதையும் தட்டச்சு செய்யவில்லை.

"பேச்சு சேமிப்புல இருக்காது சார். அதுக்கு சட்டம் இடம் குடுக்கல. பதிவுக் காலத்துக்கு மட்டுந்தான் பேச்சு இருக்கும். அப்புறம் என்ன வகைன்னு மட்டும் போட்டு வெக்கும். மார்ச் மாசந்தானே?" திரையைத் திருப்பிக் காட்டினாள். "பதினாலாம் தேதி, சனிக்கிழமை. பேச்சு நாலு நிமிஷம் கூடுதல். வகை: வழக்கமானது."

"வழக்கமானதுன்னா?"

"பட்டைக்கு அதுக்குப் பதில் தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம். உங்கள எழுப்ப வேண்டிய விஷயம்னு அது நினைக்கல."

"எதுக்கெல்லாம் எழுப்பும்?"

"தீ, ரத்தம், அலறல், கதவு உடையற சத்தம். மெதுவாப் பேசினா எழுப்பாது சார்."

அவள் இன்னும் கீழே போனாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மறுநாள்ல இருந்து உங்க காலைப் பகுதி ஆறு நிமிஷம் கூடியிருக்கு. 7.20க்கு முடிஞ்சிட்டு இருந்தது 7.26 ஆயிடுச்சு."

"ஆமா. கவனிச்சேன்."

"கவனிச்சிருக்கீங்க. ஏப்ரல் ஒன்பதாம் தேதி புகார் குடுத்திருக்கீங்க." அவள் வாசித்தாள். "'காலைப் பகுதியில் காரணமின்றி ஆறு நிமிடம் விரயமாகிறது. குறைத்துத் தரவும்.'"

"குறைச்சீங்களா?"

"ரெண்டு தடவ முயற்சி பண்ணியிருக்காங்க. மறுநாளே திரும்ப ஆறு நிமிஷம். உங்க உடம்பு விடலைன்னு போட்டு புகார முடிச்சிருக்காங்க."

மேலே ஏசி இரைந்தது. தண்டபாணி மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார்.

"அந்த ஆறு நிமிஷத்துல நான் என்ன பண்றேன்?"

"தெரியாது சார். ஆனா பாக்கலாம். வீட்டுல, அதே நேரத்துல ஓட விட்டு வீடியோ எடுக்கணும். எதிர்ல ஆள் இல்லைன்னா உடம்பு கடைசியாக் கத்துக்கிட்ட வரிசைய அப்படியே போட்டுக் காட்டும். உங்க பக்கத்துப் பேச்சு மட்டும் கேக்கும். நாலஞ்சு வீட்டுல பண்ணியிருக்கேன். பாக்காமயே இருந்திருக்கலாம்னு சொன்னவங்கதான் அதிகம்."

"வியாழக்கிழமைக்குள்ள எனக்குப் பதில் வேணும்மா."

"நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடறேன் சார்."

செவ்வாய்க்கிழமை காலை நஸ்ரின் வந்தாள். வழியில் ஒரு ஹோட்டலில் நான்கு இட்லியும் சட்னியும் வாங்கி வந்திருந்தாள். அவற்றைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் மேல் கேமராவைப் பொருத்தினாள். 6.10க்குத் தண்டபாணி குளியலறைக் கதவைத் தள்ளினார்.

வாசலில் பையோடு நின்றார். மணி 7.26. கையில் தைல வாசனை அடித்தது.

நஸ்ரின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். டேப்லெட்டை அவர் பக்கம் தள்ளினாள். "நீங்களே பாருங்க சார். நான் வெளிய நிக்கட்டுமா?"

"பரவால்ல, இரு."

படத்தில் இருந்த ஆள் ஈரத்தலையோடு வந்து காப்பி கலந்தார். இரண்டு டம்ளர். ஒன்றைத் தன் வலப்பக்கம் காலி நாற்காலியின் முன் வைத்தார். சாப்பிட்டார். இடையிடையே பேசினார். "கேஸ் புக் பண்ணிட்டேன்." இடைவெளி. "இலக்கியா என்னங்கறா?" இடைவெளி. "ம். சரி." பேச்சில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தன் குரல் இவ்வளவு பொறுமையாக இருக்கும் என்று தண்டபாணி நினைத்ததில்லை.

7.20க்கு அந்த ஆள் எழுந்து கை கழுவினார். ஜன்னலோரம் இருந்த சின்னத் தைலப் புட்டியை எடுத்தார். மாதக்கணக்கில் அந்தப் புட்டி அங்கே இருந்தது. முழங்கால் வலிக்குக் கோகிலா வாங்கி வைத்திருக்கிறார் என்று தண்டபாணி நினைத்திருந்தார். படத்தில் இருந்தவர் தன் நாற்காலியைக் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடது உள்ளங்கையை விரித்து நீட்டினார். அதில் ஏதோ வைக்கப்பட்டதுபோல் கை சற்றுத் தாழ்ந்தது. வலது கையின் விரல்களால் காற்றில் மெல்ல நீவத் தொடங்கினார். முதலில் ஒரு ஓரம், பிறகு அதற்கு அடுத்து. விரல் விரலாகப் போனார். கட்டைவிரல் கடைசி.

"இன்னைக்கும் மரத்துக்கிச்சா?"

மூன்று நொடி இடைவெளி.

"சுண்டுவிரலா? முழங்கை வரைக்குமா?"

இடைவெளி. நீவுவது நிற்கவில்லை.

"காப்பி டம்ளர் நழுவிருச்சா. சரி, விடு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

நீண்ட இடைவெளி.

"நெசமாத்தான். நாளைக்கு."

எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டார், பையை எடுத்தார், படத்திலிருந்து வெளியே போனார்.

தண்டபாணி அந்தப் பகுதியை இரண்டாம் முறை ஓடவிட்டார். ஐந்து நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி.

"நாளைக்குன்னு எதுக்குச் சொல்லுது?" என்று கேட்டார்.

"பதிவுக் காலத்துல இருந்து எடுத்துக்கிட்டது சார். அந்த நாப்பத்தெட்டு நாள்ல மேடம் உங்ககிட்ட முப்பத்தோரு தடவ ஏதாவது கேட்டிருக்காங்க. பைப் சரி பண்ணணும், கோயிலுக்குப் போகணும், கண்ணாடி மாத்தணும், இப்படி. முப்பத்தொண்ணுக்கும் நாளைக்குன்னுதான் பதில்." நஸ்ரின் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்ப நீங்கதானே சார் இருந்தீங்க."

"கை பிடிச்சு விடறது?"

"அது பதிவுல இல்ல. எங்கிருந்தோ பழசு வந்திருக்கு. முன்ன எப்பவாவது பிடிச்சு விட்டிருக்கீங்களா?"

"இலக்கியா வயித்துல இருந்தப்ப கை கால் வீங்கும். தினமும் பிடிச்சு விடுவேன்."

"அப்ப அதுதான்."

மார்ச் 15 முதல் அக்டோபர் 13 வரை. தண்டபாணி மனதுக்குள் கூட்டினார். இருநூற்றுப் பதின்மூன்று காலை. ஆற்றால் பெருக்கினால் இருபத்தோரு மணி பதினெட்டு நிமிடம். மெஷின் வேண்டுமா வேண்டாமா என்பது அதில் எங்கும் இல்லை.

நஸ்ரின் கேமராவைக் கழற்றிப் பையில் போட்டாள். ஆறிப்போன அந்த இரண்டாவது டம்ளர் காப்பியை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, தொட்டியில் கொட்டிக் கழுவி வைத்தாள்.

புதன்கிழமை மதியம் மருத்துவமனை கேன்டீனில் இலக்கியா தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "டாக்டர் நாளைக்குக் கேப்பாரு. அம்மா என்னதான்பா சொல்லுச்சு?"

"அதப் பத்தி எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"அப்ப வேற என்ன சொல்லுச்சு?"

"வலது கை மரத்துப் போகுதுன்னு சொன்னா."

இலக்கியா பிசைவதை நிறுத்தினாள். "எப்ப?"

"மார்ச்சுல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு சொன்னேன்."

"மறுநாள்?"

"மறுநாளும் அதத்தான் சொன்னேன்."

"எத்தன நாள்பா?"

அவர் எண்ணைச் சொன்னார். பட்டையைப் பற்றியும் சொன்னார், மேஜையில் தான் எந்தப் பக்கம் உட்காருவேன் என்பதையும். பக்கத்து மேஜையில் யாரோ டோக்கன் நம்பரைக் கத்திச் சொன்னார்கள். இலக்கியா சாப்பாட்டை மூடிவைத்து, கை கழுவப் போனாள். பத்து நிமிடம் கழித்து முகம் கழுவிய ஈரத்தோடு வந்து, "சாப்பிடுங்க, ஆறிப் போச்சு" என்றாள். அன்று அதற்கப்புறம் அவள் அவரை 'அப்பா' என்று கூப்பிடவில்லை.

22ஆம் தேதி வியாழக்கிழமை 9.40க்குத் தண்டபாணி கழுத்துத் துளைக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லத் தனக்கு என்ன காரணம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. இதயம் தானாக நின்றுவிட்டால் மறுபடி முயல வேண்டாம் என்ற இன்னொரு தாளை டாக்டர் நீட்டினார். அதில் இலக்கியா கையெழுத்திட்டாள்.

மறுநாள் முதல் அவர் தினமும் தைலப் புட்டியோடு போய்க் கோகிலாவின் வலது கையைப் பிடித்துவிட்டார். வீடியோவை எட்டு முறை பார்த்து வரிசையை எழுதி வைத்திருந்தார். சுண்டுவிரல், மோதிரவிரல், நடு, சுட்டு, கட்டைவிரல். தலைமாட்டு மானிட்டரில் நாடித்துடிப்பு 104 என்று இருக்கும். அவர் பிடித்துவிடும் போதும் 104தான்.

நான்காம் நாள் நர்ஸ் சொன்னாள். "அழுத்தம் சரியில்லீங்க சார். தயங்கித் தயங்கிப் பிடிக்கறீங்க. புது ஆள் கைபோல இருக்கு."

அன்று மதியம் அவர் நஸ்ரினுக்குப் போன் செய்தார். அந்த ஆறு நிமிடத்தை மட்டும் தனியே பிரித்து, மருத்துவமனையில் ஓடும்படி மாற்ற முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள். "ஆனா நீங்க அங்க இருக்க மாட்டீங்க சார்" என்றாள்.

இலக்கியாவும் அதையேதான் சொன்னாள். "இப்பவாவது நீங்க இருந்து பண்ணக் கூடாதா?"

"எனக்குப் பிடிச்சு விடத் தெரியல, இலக்கியா. அதுக்குத் தெரியுது."

28ஆம் தேதி காலை 7.20க்குப் பட்டை மருத்துவமனையில் முதன்முறையாக ஓடியது. 7.26க்குத் தண்டபாணி தன்னிலைக்குத் திரும்பி வந்தபோது மானிட்டரில் 88 இருந்தது. நர்ஸ் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த நாள் 86. சுண்டுவிரல் ஒருமுறை அசைந்ததாக இலக்கியா சொன்னாள். அவள் அந்த நேரத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்ப்பாள்; உள்ளே வரமாட்டாள். 7.26 ஆனதும் போய்விடுவாள்.

நவம்பர் 3, செவ்வாய்க்கிழமை. 7.26க்குத் தண்டபாணி திரும்பி வந்தார். அவர் விரல்களுக்கு நடுவில் கோகிலாவின் கட்டைவிரல் இருந்தது. மானிட்டர் அணைக்கப்பட்டிருந்தது. டாக்டர் கட்டிலின் அந்தப் பக்கம் நின்று எழுதிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே யாரும் இல்லை. இலக்கியா உள்ளே, கால்மாட்டில், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"7.22க்கு சார்" என்றாள் நர்ஸ். "உங்களக் கூப்பிட்டேன். ரெண்டு தடவ தோளத் தொட்டுக் கூப்பிட்டேன்."

"நான் ஏதாவது சொன்னேனா?"

நர்ஸ் இலக்கியாவைப் பார்த்தாள்.

"நாளைக்குப் போலாம்னு சொன்னீங்க" என்றாள் இலக்கியா.

உடலை 11.10க்கு ஒப்படைத்தார்கள். பட்டையிலிருந்து சேவை மையத்துக்குப் போய்ச் சேர்ந்த அன்றைய பதிவில் ஒரு வரி இருந்தது: 7.20 முதல் 7.26 வரை, வழக்கமானது, தடங்கல் இல்லை.